வில்லையும் விலையும்

பொருளொன்றின் விலையை அறிவது எளிது. அதன் பெறுமதியை அறிவது அரிது. விலை கடைக்காரனின் சிட்டையில் எழுதப்பட்டிருக்கும். பெறுமதியோ வாங்குவோனின் தேவை, அவனது தொழில், அவன் கையிலுள்ள பணம், அப்பணத்தை அவன் ஈட்டிய விதம் ஆகிய அனைத்தையும் சேர்த்துக் கணித்த பின்னரே புலப்படும். செல்வம் உடையவன் ஒரு பொருளைத் தவறாக வாங்கினால் அது அவனது அலுமாரியில் கிடக்கும், வேறு தீங்கில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்தவன் தவறாக வாங்கினால், அவன் சேமித்த ஆண்டுகளே வீணாகும். ஆகவே கொள்வனவு பற்றிய சிந்தனை அற்பமானது என்று ஒதுக்கத்தக்கதன்று.

ஒளிப்படக் கலையில் ஈடுபட்டோரிடையே ஓயாது எழும் வினாக்களுள் ஒன்று, கமராவைச் செய்த நிறுவனம் அல்லாத பிறிதொரு நிறுவனம் செய்த, ஒளியை மிகுதியாக உள்வாங்கும் சூம் வில்லையை வாங்குவது தகுமா என்பதாகும். இத்தகைய நிறுவனங்களை ‘மூன்றாந் தரப்பு’ என்று அழைப்பர். கமரா செய்தவன் முதற் தரப்பு, வாங்குவோன் இரண்டாந் தரப்பு, இடையே வந்தவன் மூன்றாந் தரப்பு என்பது அதன் பொருள். ஆயினும் அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தே ‘மூன்றாந் தரம்’ என்று கொள்ளும் மனப்பாங்கு பலரிடம் உண்டு. ஓரெழுத்து மயக்கத்தில் தரப்பு தரமாகி விடுகின்றது. இம்மயக்கத்தினால் நல்ல பொருளை இழந்தோரும் உளர்; இம்மயக்கத்திற்கு அஞ்சாதவர் தாம் என்று காட்டப் போய்த் தமக்குப் பொருந்தாத பொருளை வாங்கினோரும் உளர்.

வரலாறு இம்மனப்பாங்கிற்கு ஆதரவாக இல்லை. நிலையான ஒளிப்படம் எடுக்கும் எஸ்.எல்.ஆர். கமராவுக்கென வெளிவந்த முதலாவது சூம் வில்லை 1959ஆம் ஆண்டின் சூமார் ஆகும். 36 முதல் 82 மில்லிமீற்றர் வரை குவியத் தூரம் மாறும் அவ்வில்லையின் துவாரம் எஃப் 2.8. அதனை வடிவமைத்த பிராங்க் பாக், நியூயோர்க்கில் தமது சொந்த நிறுவனத்தை நடத்தியவர். ஜேர்மனியின் வொய்க்ட்லாண்டர் நிறுவனம் தனது கமராவுக்காக அதனை ஏற்றுக்கொண்டது. எனவே முதலாவது சூம் வில்லையே வெளியார் ஒருவரின் ஆக்கம். அதுவும் ஒளியை மிகுதியாகக் கொள்ளும் ஆக்கம். யப்பானிலே 1950இல் தொடங்கப்பட்டுப் பின்னர் தம்ரோன் எனப் பெயர் பூண்ட நிறுவனம், 1957இல் எக்கமராவிலும் பொருத்தத்தக்க ‘ரீ’ இணைப்பு முறையை அறிமுகஞ் செய்தது. அந்நிறுவனத்தின் பெயர் அதன் ஒளியியல் நுட்பத்தை வளர்த்த தமுரா என்பவரின் பெயரிலிருந்து பிறந்தது. 1961இல் மிச்சிஹிரோ யமாக்கி சிக்மா நிறுவனத்தை நிறுவினார். எழுபதுகளில் அமெரிக்காவிலிருந்து விவிற்றார் என்ற பெயரில் விற்கப்பட்ட சூம் வில்லைகள், யப்பானின் வெவ்வேறு தொழிற்சாலைகளிலே செய்யப்பட்டவை. அவற்றுட் சில இன்றும் விரும்பித் தேடப்படுகின்றன.

அக்காலத்து வில்லை பெரும்பாலும் கண்ணாடியும் உலோகமும் மட்டுமே. கமராவுடன் அது பேச வேண்டியதில்லை. ஒரு நெம்புகோல் அசைந்தாற் போதும். 1985இல் மினோல்ரா 7000 கமராவும், 1987இல் கனோன் நிறுவனத்தின் ஈ.ஓ.எஸ். கமராக்களும் தன்னியக்கக் குவிய முறையைப் பரவலாக்கிய பின்னர் நிலைமை மாறியது. வில்லையும் கமராவும் மின்குறிகளால் உரையாடத் தொடங்கின. அவ்வுரையாடலின் மொழியைக் கமரா நிறுவனம் தன்னுள் மறைத்து வைத்தது. மூன்றாந் தரப்பினர் அதனை ஊகித்தும் ஆராய்ந்தும் கற்க வேண்டியதாயிற்று. ஊகித்துக் கற்ற மொழியிலே பிழை நேர்வது இயல்பு. சிக்மாவின் பழைய வில்லைகள் சில, பின்னர் வந்த கனோன் கமராக்களில் இயங்க மறுத்தமை நன்கறியப்பட்ட செய்தி. ஆகவே மூன்றாந் தரப்பு வில்லை குறித்த ஐயத்திற்கு ஒரு நியாயமான வேர் உண்டு; அது கண்ணாடியின் தரத்தில் இல்லை, மொழியின் மறைப்பில் உள்ளது. 2011இல் சோனி நிறுவனம் தனது ஈ இணைப்பின் அடிப்படை விவரங்களைப் பிற நிறுவனங்களுக்குத் திறந்து கொடுத்தது. கனோன் 2018இல் கொணர்ந்த ஆர்.எஃப். இணைப்பிற்கோ, சிக்மாவும் தம்ரோனும் தன்னியக்கக் குவியமுடைய வில்லைகளை அனுமதி பெற்று அறிவிக்க 2024ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு வில்லையை வாங்குவோன் அவ்வில்லையை மட்டுமன்றி, இரு நிறுவனங்களுக்கிடையிலான உறவையும் சேர்த்தே வாங்குகின்றான் எனலாம்.

இவ்வினாவைப் பொதுவாக விவாதிப்பதிற் பயனில்லை. ஒரு குறித்த வில்லையை எடுத்து நோக்குவதே தக்கது. 2013ஆம் ஆண்டு சிக்மா வெளியிட்ட 18-35 மில்லிமீற்றர், எஃப் 1.8 வில்லை அதற்கு ஏற்றது. முழுச்சட்டத்திலும் சிறிய, ஏ.பி.எஸ்.-சி எனப்படும் உணரியைக் கொண்ட எஸ்.எல்.ஆர். கமராக்களுக்கு, குவியத் தூரம் முழுவதிலும் எஃப் 1.8 துவாரம் மாறாதிருக்கும் வில்லையாக வந்தது அதுவே முதன்முறை. 12 தொகுதிகளாக அமைந்த 17 கண்ணாடிகள், ஏறத்தாழ 810 கிராம் நிறை, வெளியான வேளை அமெரிக்காவில் 799 டொலர் விலை. கமரா நிறுவனங்கள் எஃப் 2.8 உடன் நின்ற இடத்திலே, மூன்றாந் தரப்பொன்று ஒரு படி முன்னே சென்றது.

அப்படி என்ன என்பதைச் சிறிய கணக்கொன்று தெளிவாக்கும். துவார எண் சிறிதாகுந்தோறும் உட்புகும் ஒளி, அவ்வெண்களின் விகிதத்தின் வர்க்கப்படி பெருகும். எஃப் 2.8 இலும் எஃப் 1.8 ஏறத்தாழ 2.4 மடங்கு ஒளியைத் தருகின்றது. கமராவுடன் கிடைக்கும் சாதாரண 18-55 வில்லையின் துவாரம் 35 மில்லிமீற்றரில் ஏறத்தாழ எஃப் 4.5 ஆகச் சுருங்கிவிடும். அதனுடன் ஒப்பிடின் எஃப் 1.8 தருவது 6 மடங்கிற்கும் சற்று மேற்பட்ட ஒளி. சாதாரண வில்லை 1/40 செக்கன் வேண்டும் இடத்தில் இது 1/250 செக்கனில் படத்தை முடிக்கும்.

இவ்வேறுபாடு வெறும் இலக்கமா, வாழ்வில் எதனையேனும் மாற்றுமா என்பது யார் எதனைப் படமெடுக்கின்றார் என்பதைப் பொறுத்தது. பல்கலைக்கழக மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்ளலாம். அவனிடம் பழைய எஸ்.எல்.ஆர். கமராவொன்றும், அதனோடு வந்த சாதாரண வில்லையும் உள்ளன. விடுமுறைக்கு மட்டக்களப்பிலுள்ள தன் ஊருக்குச் செல்லும் போதெல்லாம் வட்டக்களரியில் ஆடப்படும் கூத்தைப் படமெடுக்கின்றான். கூத்து இரவில் ஆடப்படுவது. களரியின் மேலே தொங்கும் சில விளக்குகளே அங்குள்ள ஒளி. ஆடுவோர் சுழன்றாடுவர், ஓரிடத்தில் நில்லார். மின்னொளியைப் பாய்ச்சிப் படமெடுத்தால் ஆடுவோருக்கும் இடையூறு, பார்ப்போருக்கும் இடையூறு. விளக்கொளியில் உடுப்பும் முடியும் மினுங்கும் அழகும் அழிந்துவிடும். அவ்வாறு அவன் எடுத்த படங்களிற் பெரும்பாலானவற்றில் ஆடுவோர் புகை போலக் கலங்கியிருப்பர். அவனுக்கு ஆட்டம் பழக்கிய அண்ணாவியார் முதுமை எய்திவிட்டார். இன்னும் எத்தனை களரிகளில் நிற்பார் என்பதை எவருஞ் சொல்ல இயலாது. பகுதிநேர வகுப்புகள் நடத்தி அவன் சேர்த்த பணம் ஒரு வில்லைக்கு மட்டுமே போதும். தவறாக வாங்கினால், மறுமுறை சேர்ப்பதற்குள் எடுக்க வேண்டியது இல்லாமற் போகலாம். அவன் வாங்குவதா விடுவதா என்பதில் தொங்கிக்கொண்டிருப்பது இதுவே.

பணத்தின் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் அது 350 ரூபாவையும் தாண்டிவிட்டது. 799 டொலர் பெறும் பொருளொன்று, வரியும் ஏற்றுகூலியும் சேராமலே, ஏறத்தாழ 1 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாவிலிருந்து 2 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாவாக உயர்ந்தது. அதே கண்ணாடி, அதே நிறை, அதே துவாரம். மாணவனின் உழைப்பு மட்டும் சுருங்கிவிட்டது. இந்நிலையிற் புதிய வில்லையைப் பற்றி அவன் சிந்திப்பதற்கில்லை. பிறர் பயன்படுத்திய வில்லையே அவனுக்கு எட்டுவது.

இனி, வில்லையின் குறைகளைக் கணக்கிடல் வேண்டும். குறைகளை அறியாத விருப்பம் நெடுநாள் நில்லாது. முதலாவது, அதன் வீச்சுக் குறுகியது. 18இலிருந்து 35 வரை என்பது இரு மடங்கிற்கும் குறைவு. ஆடுவோனிலிருந்து 6 மீற்றர் தொலைவில், களரியின் ஓரத்தே அமர்ந்து 35 மில்லிமீற்றரில் நோக்கினால், கமராவின் சட்டத்தில் ஏறத்தாழ 3.8 மீற்றர் அகலமும் 2.5 மீற்றர் உயரமும் அடங்கும். ஆடுவோனின் முழு உருவம் நன்கு அமையும்; முகத்தை மட்டும் நிறைத்தெடுக்க இயலாது. இரண்டாவது, அதன் நிறை. முக்கால் கிலோகிராமுக்கும் மேற்பட்ட வில்லையை விடியும் வரை கையில் ஏந்துவது எளிதன்று. மூன்றாவது, கையின் நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பு அதில் இல்லை. ஆயினும் அவ்வமைப்பு கமராவின் அசைவையே தணிக்கும். ஆடுவோனின் அசைவைத் தணிக்காது. ஆகவே இம்மாணவனைப் பொறுத்தவரை இது பெருங்குறையாகாது. நான்காவது, ஈரமும் தூசியும் புகாதபடி அது அடைக்கப்பட்டதன்று.

ஐந்தாவது குறையே அதிகம் பேசப்படுவது. எஸ்.எல்.ஆர். கமராவில் காட்சித் துளையினூடே நோக்கும்போது, குவியத்தை அளப்பது உணரியன்று. அதற்கென அமைந்த தனியான உறுப்பு. அவ்வுறுப்பிற்கும் உணரிக்கும் இடையே மயிரிழை வேறுபாடு இருப்பினும் குவியம் முன்னோ பின்னோ தவறும். எஃப் 5.6 இல் அத்தவறு மறைந்துவிடும், எஃப் 1.8 இல் மறையாது. 35 மில்லிமீற்றரில் 3 மீற்றர் தொலைவிலுள்ளவரைப் படமெடுக்கையிற் தெளிவாக அமையும் ஆழம் ஏறத்தாழ அரை மீற்றரே. 6 மீற்றரில் அது ஏறத்தாழ 2 மீற்றராக விரிகின்றது. எனவே கூத்தாடுவோனை ஓரத்திலிருந்து எடுப்பவனுக்குச் சற்று இடமுண்டு. அருகிலிருந்து முகமெடுப்பவனுக்கு இல்லை. சிக்மா நிறுவனம் 2013இல் கணினியுடன் இணைக்கும் சிறு கருவியொன்றை விற்பனைக்கு விட்டது. அதனால் சூம் வில்லையின் நான்கு குவியத் தூரங்களிலும், ஒவ்வொன்றுக்கும் நான்கு தொலைவுகளிலுமாக, 16 இடங்களிற் குவியத்தைத் திருத்தலாம். கண்ணாடிப் பிரதிபலிப்பானில்லாத புதிய கமராக்களில் இணைப்பானொன்றின் மூலம் இதே வில்லையைப் பொருத்தினால், குவியத்தை உணரியே அளப்பதால் இவ்வகைத் தவறு எழுவதில்லை. ஒரு குறை வில்லையிலா, கமராவிலா, இரண்டின் சந்திப்பிலா உள்ளது என்று பிரித்தறியாது ‘வெளியார் பொருள் இப்படித்தான்’ என்று முடிவுகட்டுவது ஆராய்ச்சியாகாது.

ஒரே வகை வில்லைகளுள்ளும் ஒன்று மற்றொன்றை முற்றாக ஒத்திராது என்பதும் கருதத்தக்கது. அமெரிக்காவில் வில்லைகளை வாடகைக்கு விடும் நிறுவனத்தைத் தொடங்கிய ரோஜர் சிகாலா, ஒரே வகையைச் சேர்ந்த பல வில்லைகளை ஒளியியற் கருவியில் அளந்து வெளியிட்ட கட்டுரைகள் இதனை வலியுறுத்துகின்றன. கமரா நிறுவனங்களின் விலையுயர்ந்த வில்லைகளும் இதற்கு விலக்கல்ல. ஆகவே ஒருவரது வில்லை நன்றென்பதால் மற்றவரதும் நன்றென்பதற்கில்லை. வாங்கப்படும் அந்த ஒன்றையே சோதித்தல் வேண்டும். அச்சோதனைக்குப் பெரிய கருவிகள் வேண்டா. செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் மடிப்பின்றி ஒட்டி, கமராவை முக்காலியில் அதற்கு நேராக நிறுத்தி, துவாரத்தை முற்றாகத் திறந்து படமெடுத்து, நான்கு மூலைகளிலும் உள்ள எழுத்துக்களை ஒப்பிடலாம். நான்கும் ஒரே அளவில் மங்கியிருந்தால் அது வடிவமைப்பின் இயல்பு. ஒரு மூலை மட்டும் பிறவற்றினும் மிக மங்கியிருந்தால், உள்ளே கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கக் கூடும். அடுத்து, வில்லையின் ஒரு பக்கத்தே சிறு மின்விளக்கைப் பிடித்து மறுபக்கத்தால் நோக்குதல் வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டிலே கண்ணாடியின் மேல் பூஞ்சணம் சிலந்திவலை போலப் படரும். அது முற்றிய பின் துடைத்தாலும் வடு மாறாது. விலை எத்துணை மலிவாயினும் அத்தகைய வில்லையைத் தொடாது விடுவதே நன்று.

மாற்று வழிகளும் உள. 2015இல் வந்த கனோனின் 50 மில்லிமீற்றர், எஃப் 1.8 வில்லையின் நிறை ஏறத்தாழ 160 கிராம். வெளியான வேளை அமெரிக்காவில் அதன் விலை 125 டொலர் அளவே. சிக்மா வில்லையின் விலையில் ஆறிலொரு பங்குக்கு அதே துவாரம். நின்ற இடத்தை மாற்றிக்கொள்ள இயலும் ஒருவனுக்கு அது போதும்; அதற்கு மேல் அவன் கொடுப்பது கால்களின் சோம்பலுக்கான வரி. ஆனால் வட்டக்களரியில் பார்ப்போர் சூழ்ந்திருக்கையில் எழுந்து நடமாட இயலாது. முன்னே செல்வது ஆட்டத்தினுள் நுழைவது. பின்னே செல்வது பின்னிருப்போரை மறைப்பது. தனி ஆட்டம் முடிந்து கொலுவில் பலர் கூடும்போது 50 மில்லிமீற்றருக்குள் அவர்கள் அடங்கமாட்டார். ஆகவே அங்கு சூம் என்பது வசதியன்று, தேவை. புதிய கமரா வைத்திருப்போருக்கு, 2025இல் சிக்மா வெளியிட்ட 17-40 மில்லிமீற்றர், எஃப் 1.8 வில்லை உண்டு. அது அரைக் கிலோகிராமுக்குச் சற்றே மேற்பட்டது. பழையதன் நிறையையும் வீச்சின் குறுக்கத்தையும் ஓரளவு நீக்கியது. ஆனால் அதற்குப் புதிய கமராவும் வேண்டும்; மாணவனின் கணக்கு அங்கே எட்டாது.

இவ்வளவும் வெளியிலிருந்து பெறும் அறிவு. முடிவைத் தரவல்ல அறிவு மாணவனின் கணினியிலேயே உள்ளது. இக்காலக் கமரா ஒவ்வொரு படத்துடனும் அதன் குவியத் தூரத்தையும், துவாரத்தையும், ஒளி பட்ட நேரத்தையும் பதிந்து வைக்கின்றது. கடந்த ஈராண்டுப் படங்களை வரிசையாகத் திறந்து மூன்று வினாக்களுக்கு விடை எண்ணினாற் போதும். எத்தனை படங்கள் 18க்கும் 35க்கும் இடையே எடுக்கப்பட்டன? அவற்றுள் எத்தனை, ஆடுவோர் அசைந்தமையாற் கெட்டன? கெட்டவற்றுள் எத்தனை, ஒளி 6 மடங்காகியிருந்தால் பிழைத்திருக்கும்? மூன்றாம் வினாவின் விடை சிறிதாயின் வில்லை எத்துணைச் சிறந்ததாயினும் அவனுக்கு வேண்டா. கெட்ட படங்களிற் பெரும்பாலானவை 55 மில்லிமீற்றரில் எடுத்த முகங்களாயின், இவ்வில்லை அவனுக்கு அயலாருடைய மருந்து.

கூத்தைப் படமெடுப்போனுக்கு விடை வேறாக இருக்கும் என்று எதிர்பார்க்க நியாயமுண்டு. கூத்தின் அழகு முகபாவத்தில் மட்டும் தங்கியதன்று. சதங்கை கட்டிய காலில், சுழலும் உடுப்பில், தூக்கிய கையில், உருவம் முழுவதிலும் தங்கியது. முகத்தை மட்டும் வெட்டியெடுத்த படம் நடிகனைக் காட்டும், ஆட்டத்தைக் காட்டாது. ஆகையால் இவ்வில்லையின் குறுகிய வீச்சு, திருமண வீட்டுப் படப்பிடிப்பாளனுக்குக் குறையாயினும், கூத்தின் முன்னே அமர்ந்திருப்பவனுக்கு அளவாகப் பொருந்துகின்றது. படத்திலே தோன்றும் துகள்களைக் கணினியால் ஓரளவு தணிக்கலாம். அசைவாற் கலங்கிய காலைப் பின்னர் எவராலும் நிறுத்த இயலாது. இதுவே முடிவைச் சாய்க்கும் எடை.

எனவே சோதித்துத் தேர்ந்த, பூஞ்சணம் பற்றாத, மூலைகள் ஒத்த, பயன்படுத்தப்பட்ட வில்லையொன்று கிடைக்குமாயின் அம்மாணவன் அதனை வாங்குவது தகும். கிடைக்காவிடின், ஆசைக்காக வேறொன்றை வாங்காது பணத்தை வைத்திருப்பது அதனினுந் தகும். வாங்குவானாயின் அவன் செய்ய வேண்டியது ஒன்று மிகுதியாக உண்டு: அதனைப் பெட்டியிற் பூட்டி வைக்காது, அண்ணாவியார் களரியில் நிற்கும் ஒவ்வோர் இரவும் கொண்டு செல்லுதல். எழுதிய விலையை மாற்ற வாங்குவோனால் இயலாது. பெறுமதியை மாற்ற இயலும். அது வில்லை வெளியே எடுக்கப்படும் இரவுகளின் எண்ணிக்கையால் வளர்வது.